இடது ஸ்பீக்கர்

இடது ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு உள்வாங்கியிருந்தது. அதில் ஒயர் எதுவும் இணைத்திருக்கவில்லை. பழுது பார்க்க உட்கார்ந்திருந்த தோவே அதை அழுத்தவும் இல்லை.

டென்மார்க்கின் ஓல்போர் நகரில் டிசம்பர் மாலை மூன்றரை மணிக்கே சன்னல்கள் கறுத்துவிட்டன. வீட்டின் பின்னறைப் பட்டறையில் ஹீட்டர் மெலிதாக முனகியது; பசையின் நெடி தொண்டைவரை இறங்கி, ஆறிப்போன காபியிலும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஐம்பது வருடப் பழைய ஸ்பீக்கர் ஜோடி. கூம்பைச் சுற்றிய துணி விளிம்பு காய்ந்துபோய்க் காற்றைக் கசியவிடும். பசை பூசி அதை அடைப்பதுதான் அவள் வேலை. கொண்டுவந்த ஹொல்கர், வலதுக்கு மட்டும் பூசினால் போதும், இடதைத் தொட வேண்டாம் என்று இரண்டு முறை சொல்லியிருந்தார். ஒன்று இறுகி, ஒன்று கசிந்தால் அது ஜோடியா? தோவே இரண்டுக்குமே பூசிவிட்டாள்.

கூம்பு மெதுவாக, மிக மெதுவாக வெளியே வந்தது. நின்றது. மறுபடி உள்ளே போனது.

அறைச் சூட்டில் காற்று விரியும், சுருங்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வலது ஸ்பீக்கர் அசையவே இல்லை. போனை எடுத்தாள்.

"ஹொல்கர், நான் தோவே. ரெண்டுக்கும் பூசிட்டேன். பாதி வேலை பாத்து எனக்குப் பழக்கமில்ல, கோவிச்சுக்காதீங்க."

"என்னங்க பண்ணி வெச்சிருக்கீங்க! எப்போ?"

"மத்தியானம்."

"மூணு மணி நேரமாவா?" அவர் குரல் உடைந்தது. "ஐயோ, மூச்சு முட்டுமே! கிழிச்சு விடுங்க. இப்பவே!"

"யாருக்கு மூச்சு முட்டும்?"

"கிழிங்க, தோவே!"

கூம்பு இப்போது வேகமாக அடித்துக்கொண்டது. உள்ளே, வெளியே. உள்ளே, வெளியே. பிறகு நடுக்கம் மட்டும். பெட்டிக்குள் எதுவோ மரத்தைப் பிறாண்டியது. பிறகு அதுவும் நின்றது.

அவளுக்குப் பயத்தைவிடப் பாவமாக இருந்தது. போன் காலடியில் நழுவி விழ, கத்தியை எடுத்தாள். குனிந்தாள். விளிம்பில் ஒரு அங்குலம் கீறினாள்.

காற்று உள்ளே பாய்ந்தது. நீளமாக. நெற்றி மயிரை இழுத்துக்கொண்டு. முடியவே முடியாததுபோல.

பிறகு வெளியே வந்தது. வெதுவெதுப்பாக. ஈரமாக. அவள் கன்னத்தில்.

"விட்டுச்சா மூச்சு?" கீழே விழுந்த போனில் ஹொல்கர் கிசுகிசுத்தார். "நல்லது. இனி முகத்தைப் பக்கத்துல கொண்டு போகாதீங்க."

அவள் முகத்துக்கும் கீறலுக்கும் ஒரு சாண் தூரம். அவ்வளவுதான்.

பசை காயாத துணிக்குப் பின்னால், கீறலின் இருபுறமும், இரண்டு உதடுகள் வந்து அழுந்தின. மெல்ல விரிந்தன.