திரும்பி வந்த குறிப்பு

ஆடி மாதத்தில் யாழ்ப்பாணத்தில் மழை பெய்வது அபூர்வம். ஆனால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழாம் ஆண்டு ஆடி அமாவாசையன்று கீரிமலையில் பெய்தது... சும்மா தூறல் அல்ல, பிதிர்க்கடன் செய்துகொண்டிருந்தவர்களை எள்ளும் தர்ப்பையுமாக எழுந்து ஓடவைத்த மழை.

கதிரவேலுவும் ஓடினான். இறந்துபோன தகப்பனுக்கு எள்ளுத் தண்ணீர் இறைத்த கை காயவில்லை. ஈர வேட்டியோடு பக்கத்து மடத்துக்குள் ஏறினான். ஏறிய வேகத்தில் சால்வைக்குள் பத்திரமாக வைத்திருந்த கடதாசி நழுவியது. காற்று அதைக் கொண்டுபோய், சோற்றுப் பானைக்குக் காவலிருந்த ஒரு பெண்ணின் காலடியில் போட்டது.

எடுத்துக் கொடுத்துவிட்டால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அந்தப் பெண் மகாதேவிக்கு எழுத்தைக் கண்டால் வாசிக்காமல் விட முடியாது. அது அவளுடைய பழைய வியாதி. நீளக் களிசான் நாலு, கோட்டு மூன்று, காலுக்குச் சப்பாத்து மூன்று சோடி, முகம் துடைக்க லேஞ்சி இரண்டு டசின், கழுத்துப்பட்டி, வாசனைச் சவர்க்காரம்... கடைசி வரிவரை வாசித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

நிமிர்ந்த கண்களை அவன் கண்டான். மழைக்கு இருண்டுபோயிருந்த மடத்துக்குள் அந்த இரண்டு கண்கள்தான் வெளிச்சம் என்று பிறகு எத்தனையோ தரம் நினைத்திருக்கிறான். அந்த நேரத்தில் நினைத்தது வேறு. என்ன துணிச்சல் இவளுக்கு!

“மலாயாவுக்கோ?” என்று கேட்டாள்.

“ஓம்.” சொல்லும்போது அவனுக்கு நெஞ்சு தானாக நிமிர்ந்தது. மலாயாவில் உத்தியோகம் கிடைத்த எவனுக்குத்தான் அந்த நாளில் நிமிரவில்லை!

“கப்பலிலை தண்ணி வாங்கிக் குடிக்க ஒரு செம்பு இல்லையே இதிலை... சப்பாத்துக்குள்ளையோ வாங்குவியள்?”

அவனுக்குச் சுள்ளென்று ஏறியது. என்ன கொண்டுபோவதென்று ஊர்ப் பெண்களிடம் கேட்கவேண்டிய நிலையில் தான் இல்லை என்றும், இந்தக் காலத்துக் கப்பலில் எல்லாம் கொடுப்பார்கள் என்றும் சொன்னான். அவள் கோபிக்கவில்லை. கண்ணில் இருந்த சிரிப்பு மட்டும் அணைந்துபோயிற்று.

தன் தமையன் பரமலிங்கமும் இரண்டு வருஷத்துக்கு முந்தி இதையே சொல்லிவிட்டுத்தான் கப்பலேறினான் என்றாள். பிறகு ஒவ்வொரு கடிதத்திலும் அதைக் கொண்டுவந்திருக்கலாம், இதைக் கொண்டுவந்திருக்கலாம் என்று எழுதுவானாம். அவற்றையெல்லாம் ஒழுங்காக்கி அவள் எழுதி வைத்திருக்கிறாள். மலாயா போகிற அயலவர்கள் அதைப் பார்த்துத்தான் பெட்டி அடுக்குவார்களாம்.

“எங்களிட்டைக் குறிப்பு இருக்கு. ஆளனுப்பினால் தருவம். உரும்பிராயிலை மார்க்கண்டு வீடு எண்டு கேட்டால் காட்டுவினம்.”

அதற்குள் தாய் நல்லம்மா தலையைத் துவட்டிக்கொண்டு வந்துவிட்டாள். மகாதேவி பிறந்தநாள் தொட்டு ஒரு ஆண்பிள்ளையோடும் கதைத்தறியாதவள் போலப் பானையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மழையும் விட்டுவிட்டது.

கதிரவேலுவுக்குத் தாய் தகப்பன் இருவரும் இல்லை. கொக்குவிலில் தமக்கை நாகேஸ்வரியின் வீட்டில் இருந்தான். கொழும்பில் கப்பலேற இன்னும் இரண்டு கிழமைதான். வீம்பு இரண்டு நாள் தாக்குப்பிடித்தது. மூன்றாம் நாள் றங்குப் பெட்டியின் மூடி சப்பாத்துகளின் மேல் பொருந்த மறுத்தபோது, தமக்கை புருஷன் முத்துக்குமாருவிடம் சொன்னான்.

“அத்தான், உரும்பிராயிலை மார்க்கண்டு எண்டவர் வீட்டிலை, மகளிட்டை ஒரு குறிப்பு இருக்கு. அதை வாங்கிக்கொண்டு வாருங்கோ.”

முத்துக்குமாரு அவனை ஒரு பார்வை பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. ஒன்றும் கேட்கவில்லை, கரைச்சால்வையை எடுத்துப் போட்டுக்கொண்டு புறப்பட்டார்.

நடந்தது விளங்குகிறதல்லவா? எங்கள் ஊரில் சாதகத்துக்கும் குறிப்பு என்றுதான் பெயர். மலாயா உத்தியோகக்காரன் ஒருவன், கட்டிக்கொடுக்காத குமர்ப்பிள்ளை இருக்கிற வீட்டுக்கு ஆளனுப்பிக் குறிப்புக் கேட்டால், அதற்கு வேறு கருத்தும் உண்டோ?

நல்லம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. மகளுக்குச் செவ்வாய் எட்டில். கட்டுகிறவனுக்கு ஆயுள் குறைவு என்று சொல்லி மூன்று இடத்திலிருந்து சாதகம் திரும்பிவந்திருந்தது. இப்போதுதான் முதல்முறையாக ஒரு வீட்டார் தாங்களாகத் தேடிவந்து கேட்கிறார்கள். விளக்கேற்றி, சுவாமி படத்தடியில் வைத்துக் கும்பிட்டு, மஞ்சள் துணியில் சுற்றிக் கொடுத்தனுப்பினாள்.

தோட்டத்தால் வந்த மகாதேவிக்குச் சங்கதி கேட்டவுடனேயே பிழை எங்கே என்று தெரிந்துவிட்டது. அவர் கேட்டது சாமான் குறிப்பை... சொல்ல வாயெடுத்தாள். தாய் தேங்காய் துருவிக்கொண்டே தேவாரம் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். எத்தனை காலத்துக்குப் பிறகு! நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டுவிட்டாள். அதுவும் முழு உண்மை அல்ல. ஒருவேளை... ஒருவேளை அவர் உண்மையாகவே இதைத்தான் கேட்டாரோ? அந்த ‘ஒருவேளை’ அவளைச் சும்மா இருக்கவிடவில்லை.

மஞ்சள் துணியைப் பிரித்த கதிரவேலுவுக்கோ காது சூடேறியது. கட்டம் கட்டமாகக் கிரகங்கள். செம்பு எங்கே, பாய் எங்கே? மலாயா மாப்பிள்ளை என்றதும் வலை வீசிவிட்டார்கள் என்று நினைத்தான். மடத்தில் பேசிய பேச்செல்லாம் இதற்குத்தானோ? முத்துக்குமாரு தடுத்தும் கேளாமல், அடுத்த நாள் காலையே உரும்பிராய்ப் பக்கம் போகிற வண்டிக்காரனிடம் கொடுத்துவிட்டான். கூடவே ஒரு துண்டுக் கடதாசி: ‘கேட்டது இதுவல்ல.’

ஒரே நாளில் திரும்பிவிட்டது. பொருத்தம் பார்க்கிற சாத்திரியாரின் வாசலைக்கூட மிதிக்கவில்லை என்பது தெரிந்துபோகும் அல்லவா? அதைவிட ஒரு வீட்டுக்கு வேறு என்ன அவமானம் வேண்டும்? நல்லம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. துண்டை மகளிடம் நீட்டி, என்ன எழுதியிருக்கு என்று கேட்டாள்.

மகாதேவி வாசித்தாள். ஒரு கணம்தான்.

“சாத்திரியார் நேற்றே பாத்தவராம். பொருத்தம் காணேல்லையாம், அம்மா.”

சொல்லிவிட்டுத் துண்டை அடுப்பில் போட்டாள். பார்த்துத்தானே சொல்லியிருக்கிறார்கள், அவர்களைக் குறைசொல்லி என்ன, எங்கள் பலன் அவ்வளவுதான் என்று நல்லம்மா பெருமூச்சு விட்டாள். மகாதேவி வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள்.

இரண்டு நாளில் கதிரவேலுவுக்குத் தபாலில் கடிதம் வந்தது. நாலு பக்கம். அவன் கேட்ட குறிப்பு!

முதலில் மூடியுள்ள செம்பு. பிறகு பாய், தடித்த போர்வை. மேல்தட்டில் விடியற்புறம் பனி விழும், வெறும் பலகையில் படுத்தால் காய்ச்சல் வரும். வெள்ளை வேட்டி வேண்டாம், புகைக்கூட்டுக் கரி படியும். தலை சுற்றினால் முகர்ந்து பார்க்க எலுமிச்சம்பழம் பன்னிரண்டு. கப்பற்சோறு இரண்டாம் நாளே தொண்டையால் இறங்காது, ஆகையால் கடித்துச் சாப்பிடப் புழுக்கொடியலும் பனங்கட்டியும். அம்மைப்பால் குத்தியதற்கான அத்தாட்சித் துண்டு சட்டைப்பையில் இருக்கவேண்டும். பெட்டிக்குள் வைத்துவிட்டுத் தேடினால் கரையில் இறங்கவிடமாட்டார்கள். சப்பாத்து ஒரு சோடி போதும்.

கடைசியில் கடிதத்தாளும் உறையும் பென்சிலும். அதன் கீழே இப்படி எழுதியிருந்தாள்: ‘இறங்கிய அன்றே வீட்டுக்கு எழுதவும். அண்ணை தாள் கொண்டுபோகவில்லை. போய் இறங்கியவுடன் காய்ச்சலில் விழுந்துவிட்டார். நாற்பத்தொரு நாள் கடிதம் இல்லை. அந்த நாற்பத்தொரு நாளும் அம்மா ஒருநேரம்தான் சாப்பிட்டா.’

இன்னும் சில வரிகள் இருந்தன. ‘மடத்தில் நான் குறிப்பு என்று சொன்னதால் வந்த வினை. உங்களில் குற்றமில்லை. பொருத்தம் பார்த்துத் திருப்பியதாக அம்மாவுக்குச் சொல்லியிருக்கிறேன். கேளாத இடத்துக்கு மகளின் சாதகத்தைக் கொடுத்தோம் என்று தெரிந்தால் அவ தாங்கமாட்டா. யாரும் கேட்டால் நீங்களும் அப்படியே சொல்லவும். சுகமாகப் போய்வரவும்.’

கதிரவேலு அதைத் திரும்பத் திரும்ப வாசித்தான். ஒரு வரியில்கூட அவனைக் குத்திக்காட்டவில்லையே! திட்டியிருந்தால் மனம் ஆறியிருக்கும். தன் மானம் போனதை விழுங்கிவிட்டு, அவனுக்குக் கப்பலில் தலை சுற்றுமே என்று எலுமிச்சம்பழம் எண்ணியிருக்கிறாள்... மழைக்குள் சிரித்து, பிறகு அணைந்துபோன கண்கள் நினைவில் வந்தன. அவள் தனக்கு வேண்டும் என்று தெரிந்துவிட்டது. தெரிந்த நேரத்தில் புறப்பட ஐந்தே நாள்தான் இருந்தது.

ஆனால் எந்த முகத்தோடு கேட்பது? பிழையாக விளங்கிவிட்டது என்று சொன்னால் மகாதேவி தாயிடம் சொன்ன பொய் வெளியே வரும், தாய் உடைந்துபோவாள். சொல்லாவிட்டால், பொருத்தமில்லை என்று திருப்பியவன் திரும்பி வருவதற்கு நியாயம் ஏது? தமக்கையின் அலுமாரியைத் திறந்து ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, சைக்கிளில் ஏறினான். மாப்பிள்ளை தானே பெண்வீட்டுக்குப் போகிற வழக்கம் எங்கும் இல்லை என்று முத்துக்குமாரு வாசல் படலைவரை வந்து சத்தம் போட்டார்.

உரும்பிராயில் மகாதேவியின் தகப்பன் மார்க்கண்டு தோட்டத்தால் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். அதிகம் பேசாத மனிதர். பாயைக் காட்டி இருக்கச் சொன்னார். நல்லம்மாதான் மெதுவாகக் கேட்டாள்.

“பொருத்தமில்லையெண்டு எழுதிவிட்டியள், தம்பி. இனி என்ன?”

கதவு மறைவில் மகாதேவி நின்றாள். சொல்லிவிடாதே என்று அந்தக் கண்கள் கெஞ்சின. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“சாத்திரியாரிட்டைக் காட்டேல்லை, அம்மா. மலாயா உத்தியோகம் எண்ட தடிப்பிலை பாக்காமலே திருப்பினனான். பொருத்தமில்லையெண்டது பொய். பிழை முழுக்க என்ரை. இப்ப மெய்யாக் கேட்டு வந்திருக்கிறன்.”

நல்லம்மா கதவுப் பக்கம் திரும்பி மகளைப் பார்த்தாள். என்ன விளங்கியதோ, ஒன்றும் கேட்கவில்லை. செவ்வாய்ச் சங்கதியைச் சொன்னாள். மறைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

“எங்கடை ஐயாவுக்கும் அம்மாவுக்கும் பத்துப் பொருத்தமும் இருந்ததாம்,” என்றான் கதிரவேலு. “ரெண்டுபேரும் இப்ப இல்லை.”

பிறகு மார்க்கண்டு வாய்திறந்தார்.

“பாக்காமல் திருப்பின வாசலுக்கு என்ரை பிள்ளையின்ரை குறிப்பை இன்னொருக்காத் தரமாட்டன்.”

கதிரவேலு மடியிலிருந்ததை எடுத்துப் பாயில் வைத்தான். அவனுடைய சாதகம்.

“அப்ப என்ரையை வைச்சிருங்கோ. நீங்கள் பாருங்கோ. வேண்டாமெண்டால் திருப்பி விடுங்கோ. வெள்ளிக்கிழமை காலமை றெயிலிலை போறன்.”

அந்த ஐந்து நாளும் அவன் பட்ட பாடு! படலை கிறீச்சென்றால் எட்டிப் பார்த்தான். வண்டிச் சத்தம் கேட்டால் எழுந்து நின்றான். திரும்பி வருமோ, வருமோ என்று காத்திருப்பது என்னவென்று இப்போதுதான் தெரிந்தது. இதை அவள் மூன்று தரம் பட்டிருக்கிறாளே... நாலாவது தரம் தன்னாலேயே! பெட்டியை அவள் எழுதியபடியே அடுக்கினான். சோறுதான் இறங்கவில்லை. நாகேஸ்வரி தம்பி பிரியப் போகிறான் என்ற கவலையென்று எண்ணித் தானும் அழுதாள்.

வியாழன் மாலைவரை ஒருவரும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கொக்குவில் ஸ்ரேசனில் தமக்கையும் அத்தானும் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார்கள். அப்போது வெளியே ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. மார்க்கண்டு இறங்கினார், நல்லம்மா இறங்கினாள், பின்னால் மகாதேவி. கதிரவேலு அவளைப் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவில்லை. முதலில் மார்க்கண்டுவின் கைகளைத்தான் பார்த்தான்.

ஒரு குடை மட்டும் இருந்தது.

மார்க்கண்டு கிட்ட வந்து, சாத்திரியார் அப்படியும் சொன்னார் இப்படியும் சொன்னார் என்றார். எல்லாம் கேட்டபிறகு, பிழையைத் தன் வாயால் ஒத்துக்கொண்டவனுக்குப் பிள்ளையைக் கொடுக்கலாம் என்று தாங்கள் இருவரும் முடிவுசெய்ததாகச் சொன்னார். தை மாதம் பரமலிங்கம் லீவில் வருகிறான். அவன் திரும்பும்போது மகாதேவியைக் கூட்டிவருவான். தாலி அங்கே கோயிலில் கட்டலாம். நாகேஸ்வரி ஓடிவந்து நல்லம்மாவின் கைகளைப் பிடித்துக்கொண்டாள். பெரியவர்கள் நாலுபேரும் கதைத்தபடி கொஞ்சம் விலகினார்கள்.

தூரத்தில் றெயில் கூவியது.

“ஐயா சொன்னது கேட்டன்,” என்றான் கதிரவேலு. “நீர் என்ன சொல்லுறீர்?”

மகாதேவி தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“மூண்டு இடத்தாலை குறிப்புத் திரும்பி வந்தது. நான் ஒருநாளும் அழேல்லை. உங்கடை வீட்டாலை வந்த அண்டைக்குத்தான் அழுதன். கிணத்தடியிலை நிண்டு... ஆருக்கும் தெரியாது.”

“ஏன்?”

இப்போது நிமிர்ந்து நேராகப் பார்த்தாள். அதே கண்கள்.

“எனக்கு உங்களிலை விருப்பம். அதுதான்.”

முத்துக்குமாரு பெட்டியைத் தூக்கி ஏற்றிவிட்டு, அவனையும் ஏறச்சொல்லி அவசரப்படுத்தினார். றெயில் நகரும்போது கண் கலங்கி நின்றவன் கதிரவேலுதான். மகாதேவி சிரித்துக்கொண்டிருந்தாள்.