குறையாத தண்ணீர் கேன்

“எங்க நைனாவுக்கு எவன் சாராயம் ஊத்தினான்னு கண்டுபிடிங்க, நர்சம்மா. அவன் மூஞ்சிய அப்பறம் நான் பாத்துக்கறேன்.”

துணை சுகாதார நிலையத்தின் வாசலில் நின்று அர்ஜுனன் கத்தினான். ஆரோக்கியமேரி தடுப்பூசிப் பெட்டியை மூடிவிட்டு அவனை உட்காரச் சொன்னார். ஊசி போடுவது அவருக்குச் சர்க்கார் வேலை. ஏரிக்கு நடுவே இருந்த அந்தத் தீவு ஊரில் மறைந்து கிடக்கும் உண்மையைப் பிடுங்குவது சொந்த வேலை. கோயில் குத்துவிளக்கு காணாமல் போனபோது ஆளைக் காட்டியவரும் அவர்தான். அவருடைய படகோட்டி சாம், துப்பு என்றாலே சோற்றை மறந்துவிடுவான்.

விஷயம் இதுதான். ஏரியில் எந்த நாள் எந்த இடத்தில் யார் வலை என்று ஊர் முறை வைத்துக் கொடுப்பதற்குப் பாடு என்று பெயர். நேற்று பாடு நீலமேகம் என்ற மீனவனுக்கு. அவன் இடத்தில் அர்ஜுனனின் அப்பா திருவேங்கடம் தன் வலையைக் கட்டிவிட்டார். எழுபத்து நாலு வயதில் முதல் தப்பு. சாயங்காலம் பஞ்சாயத்து. ஒரு வருஷத்துக்கு அந்தக் குடும்பத்துக்குப் பாடே கிடையாது என்று ஊர் ஏற்கெனவே பேசி வைத்திருந்தது.

“குடிச்சிட்டு என் மானத்த வாங்கிட்டாரு,” என்று வழியெல்லாம் பல்லைக் கடித்தான் அர்ஜுனன்.

வீட்டில் திருவேங்கடம் சுருண்டு படுத்திருந்தார். நர்ஸைப் பார்த்ததும், “காமாட்சி, வந்துட்டியா?” என்றார். காமாட்சி அவர் மனைவி; இறந்து ஆறு வருஷம்.

ஆரோக்கியமேரி குனிந்து முகர்ந்தார். சாராய வாடை இல்லை. காய்ச்சலும் இல்லை. கொடியில் நாலு லுங்கி காய்ந்துகொண்டிருந்தது. மூலையில் அவர் படகுக்குக் கொண்டுபோகும் கேன், நீலப் பெயிண்டில் பெயர் எழுதியது, கழுத்துவரை நிறைந்திருந்தது. திறந்து பார்த்தால் பல நாள் தண்ணீரின் பிளாஸ்டிக் வாடை.

“சாப்புட்டாரா?”

“மூணு நாளா சோறே வாணாங்கறாரு,” என்றாள் மருமகள் நந்தினி. “செவ்வாக்கெழம படகுலேர்ந்து எறங்கறப்ப வுழுந்தாரு. போதன்னு ஊரே சிரிச்சுது. டவுன் டாக்டரு, ஜொரம் இல்ல, வயசாச்சு, அவ்ளோதான்னுட்டாரு.”

“வயசாச்சாம்!” ஆரோக்கியமேரி கோபப்பட்டு சாம் பார்த்ததே இல்லை. “சாம், படக எடு. பழவேற்காட்டு ஆஸ்பத்திரிக்கு. இப்பவே.”

சாயங்காலம் பஞ்சாயத்து கூடியது. திருவேங்கடம் ஆஸ்பத்திரியில் இருந்தார். நந்தினி துணைக்கு இருந்தாள். நர்ஸ் கையில் அந்தக் கேனோடு நடுவில் வந்து நின்றார்.

“நீலமேகம், அவரு எப்ப வல கட்னாரு?”

“காலைல பத்து மணிக்கு. ஊரே பாக்க.”

“திருடறவன் ஊர் பாக்க வருவானா? சரி, அவர் போட்ட முடிச்ச அவுக்க எவ்ளோ நேரம் ஆச்சு?”

“அர மணி நேரம். கல்லாட்டம் போட்டிருந்தாரு.”

“குடிச்ச கை அப்பிடி முடிச்சு போடாது. ஒன்ன இன்னான்னு கூப்ட்டாரு?”

நீலமேகம் தயங்கினான். “எங்கப்பன் பேர சொல்லி. அவர் செத்து இருவது வருசம்.”

“அதான். அவரு புத்தி இருந்தது நேத்துல இல்ல, ஒங்கப்பன் காலத்துல. தன் பாடுன்னு நெனச்சுதான் கட்டிருக்காரு. ஒண்ணுக்குப் போற நீர்த்தாரையில கிருமி. டெஸ்ட்ல தெரிஞ்சிபோச்சு. நமக்குன்னா ஒடம்பு கொதிக்கும். வயசானவங்களுக்கு சமயத்துல ஜொரமே வராது. புத்தி தடுமாறும், சோறு எறங்காது, கீழ வுழுவாங்க. அடிக்கடி நனஞ்ச லுங்கிய அவரே தொவச்சுக் காயப்போட்டிருக்காரு. இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா நீங்க அவரு பாட்ட புடுங்கிருக்க வேணாம், பாடைய கட்டிருக்கலாம்.”

“அப்ப குத்தவாளி யாரு?” என்று துடித்தான் சாம்.

நர்ஸ் கேனை அர்ஜுனன் முன்னால் வைத்தார். “வெயில்ல வல இழுக்கற மனுசன் தண்ணி குடிக்காம இருப்பானா? தண்ணி கொறஞ்சாலும் கிருமி சேரும். அது ஒண்ணுதான் காரணம்னு நான் சொல்லல. ஆனா போன மாசம் படகுல வெச்சு நீ இன்னா சொன்ன? நந்தினி சொல்லிச்சு. நீயே சொல்லு.”

அர்ஜுனன் கேனைப் பார்த்தபடியே சொன்னான். “மணிக்கு நாலு தடவ ஒண்ணுக்குப் போக எழுந்து நிக்கணும்னா, வூட்லயே கெட... அப்பிடின்னேன்.”

“அன்னைக்கு யாரு சிரிச்சீங்க?”

சாம் தலையைக் குனிந்துகொண்டான். அவனும்தான் சிரித்திருந்தான். நீலமேகம் முதல் ஆளாக எழுந்து, “அவர் பாடு அவருக்குத்தான்,” என்றான். மற்றவர்களும் தலையாட்டினார்கள். அர்ஜுனன் மட்டும் உட்கார்ந்தே இருந்தான். யார் யார் மேலேயோ கொட்டித் திரிந்த ஆத்திரம் முழுவதும் திரும்பி வந்து அவன் நெஞ்சிலேயே ஏறிக்கொண்டது. எவன் மூஞ்சியை உடைக்கலாம் என்று கேட்டு வந்தானோ, அது தன்னுடையதாகப் போய்விட்டதே என்று தன்னையே அறைந்துகொள்ளத் தோன்றியது.

மூன்றாம் நாள் காலை ஆஸ்பத்திரிக் கட்டிலில் திருவேங்கடம் தெளிந்திருந்தார். “இன்னிக்கு யாரு பாடுடா?” என்றார். யாருடையது என்று அர்ஜுனன் சொன்னான். “அப்ப நமக்கு வெள்ளிக்கெழம,” என்று அவர் சரியாகச் சொன்னபோது, அவனுக்கு அழுகை முட்டியது. டம்ளரில் தண்ணீர் ஊற்றி நீட்டினான்.

வாங்கிக்கொண்டவர் உடனே குடிக்கவில்லை. மகனின் முகத்தைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

“இன்னிக்கு நாம படகுல போகலல்ல?”