ஆறு கிராம் ஊசி

1988 நவம்பரில் ஒரு சனிக்கிழமை. லண்டன் கோலியர்ஸ் வுட்டில் பாலாம்பிகை அன்ரியின் வீட்டு மணியை நான் அழுத்தியபோது மாலை நான்கு மணிதான். ஆனாலும் தெரு இருண்டுவிட்டது. கதவு திறந்ததும் ஈரக் கம்பளியும் கற்பூரமும் கலந்த ஒரு மணம் வந்தது.

"வாரும் தம்பி. சப்பாத்தைக் கழட்ட வேண்டாம், நிலம் ஐஸ் மாதிரிக் கிடக்கு."

டூட்டிங்கில் மின்சாதனப் பழுது பார்க்கும் மாலை வகுப்புக்கு நான் போய்க்கொண்டிருந்தேன். அதை யாரோ கோயிலில் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். ஒரு பழைய தட்டைப் போட்டுக் காட்டும்படி அவர் என்னை வரச்சொல்லியிருந்தார். அவருடைய கணவர் கணேசலிங்கம் இறந்து ஓராண்டு. மறுநாள் ஆட்டைத் திவசம்.

அன்ரி ஒரு சிறிய இசைத்தட்டைச் சேலைத் துண்டிலிருந்து பிரித்தெடுத்தார். கணவர் லண்டனுக்குப் படிக்க வந்த புதிதில், கடற்கரையோரம் ஒரு கூண்டுக்குள் நின்று, இயந்திரத்தில் காசு போட்டுப் பேசிப் பதிந்த தட்டு அது. யாழ்ப்பாணத்தில் இருந்த அன்ரிக்குத் தபாலில் அனுப்பியிருந்தார்.

"எங்கட வீட்டில பிளேயர் இல்லை. என்ர ஐயா அதை அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டிப்போட்டார். இஞ்ச வந்தாப் பிறகு போட்டுக் காட்டுங்கோ எண்டா இவருக்கு வெக்கம். 'இஞ்சாரும், பகிடி பண்ணாதையும்' எண்டுவார்."

"என்ன பேசியிருக்கிறார் எண்டு தெரியாதோ, அன்ரி?"

"ஆருக்குத் தெரியும்? காலம் முழுக்க அவர் எனக்கு 'இஞ்சாரும்', நான் அவருக்கு 'இஞ்சாருங்கோ'. பேர் சொல்லி ஒருநாளும் கூப்பிட்டதில்லை. அவ்வளவுதான் எங்கட காதல்." சிரித்துவிட்டு, சேலைத்துண்டை மடித்தார். "நாளைக்கு அவற்ர படத்துக்கு முன்னால ஒருக்காப் போட்டால் காணும்."

தட்டைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்தது. அலுமினியத்தின் மேல் பூசிய மென்மையான கறுப்புப் பூச்சு. பழையது, உலர்ந்தது. வகுப்பில் எங்களை எச்சரித்திருந்தார்கள்: இப்படியான தட்டில் கனமான ஊசியை வைக்கவே கூடாது.

ஊசியைத் தாங்கி, பிளேயர்க் கையின் நுனியில் இருக்கும் நகமளவு துண்டுதான் கார்ட்ரிட்ஜ். அன்ரி வீட்டு மூலையில் நின்ற பழைய பிளேயரில் இருந்தது செரமிக் வகை. சத்தம் பெரிது, ஆனால் ஆறு கிராம் பாரத்துடன் தட்டை அழுத்தும். நான் கொண்டுபோனது காந்த வகை. இரண்டு கிராம்கூட அழுத்தாது. ஆனால் அதன் சத்தத்தைப் பெருக்க இன்னொரு சிறு கருவி வேண்டும். அதை வகுப்பில் பாதி செய்து வைத்திருந்தேன்.

என் கார்ட்ரிட்ஜைப் பூட்டிப் பார்த்தேன். ஸ்பீக்கரில் எறும்பு ஊர்வதுபோல் ஏதோ கேட்டது. சொற்கள் பிரியவில்லை.

"சரிவரேல்லையோ?"

"சரிவரும், அன்ரி."

"பொறும், தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன்."

அவர் குசினிக்குள் போனார். ஒன்றும் தெரியாதவனை வரச்சொல்லிவிட்டோம் என்று நினைக்கிறாரோ? இந்த ஒரு கேள்விதான் என் தலைக்குள் ஓடியது. செரமிக்கை மறுபடி பூட்டினேன். ஒரே ஒரு தடவை, சோதனைக்கு மட்டும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

ஊசி இறங்கியது.

ஓர் இளைஞனின் குரல். இங்கே குளிர், படிப்பு பரவாயில்லை, வீட்டில் எல்லாருக்கும் சுகம்தானே. பின்னணியில் கடல் இரைந்தது. பிறகு அவன் நிறுத்தினான். ஒரு மூச்சு இழுத்து, யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல், மெல்லச் சொன்னான்.

"பாலாம்பிகை."

குசினியில் கேத்தல் விசிலடித்துக்கொண்டிருந்தது. அவருக்குக் கேட்டிருக்காது.

பிளேயரின் கையைத் தூக்கினேன். ஊசி நுனியில் தட்டிலிருந்து உரிந்த பூச்சு, கறுப்பாக, முடிபோல மெல்லிய ஒரு சுருளாகத் தொங்கியது.

மறுபடி போட்டேன்.

இரைச்சல் மட்டும்.

அன்ரி தேநீருடன் வந்தார். "ஏதும் கேட்டுதே, தம்பி?"

"இல்லை, அன்ரி. பழைய தட்டு. முதலே தேய்ஞ்சுபோச்சு."

அவர் நம்பினார். தட்டை இரு கைகளாலும் வாங்கினார். "பரவாயில்லை. நீர் பாவம், குளிருக்குள்ள வந்தனீர்." மறுநாள் தட்டைப் படத்தின் முன் வைத்துப் பூப் போட்டிருந்தார். எனக்கு வாழையிலையில் சோறு பரிமாறி, இரண்டாவது வடையையும் வைத்தார்.

செரமிக் கார்ட்ரிட்ஜைக் கழற்றி, நல்லதாக வேறொன்று போட்டுத் தருகிறேன் என்று சொல்லி, தீப்பெட்டிக்குள் வைத்து எடுத்து வந்திருந்தேன். சுருள் அதிலேயே இருந்தது. என் அறையில் மேசை இழுப்பறைக்குள் வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம், பழைய கடலைப் போல ஓர் உப்பு மணம் அறைக்குள் வந்தது.

இழுப்பறை முணுமுணுத்தது.

தட்டில் ஓடும்போது செரமிக் ஊசி, ஸ்பீக்கரை நிறுத்தினாலும், தானாக மெல்லப் பேசும். அதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் இங்கே தட்டு இல்லை. சுழல எதுவுமில்லை. நான் இழுப்பறையைத் திறந்து, தீப்பெட்டியைக் காதருகே கொண்டுபோனேன்.

கடல். ஒரு மூச்சு.

"பாலாம்பிகை."

தீப்பெட்டியைத் துணியில் சுற்றினேன். துணிக்குள்ளிருந்தும் கேட்டது. கோபமில்லை, மிரட்டலில்லை. ஒரு பெயர், அதற்குப் பின் பதிலுக்குக் காத்திருக்கும் ஓர் இடைவெளி. அந்த இடைவெளியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வியாழக்கிழமை வகுப்பில், பாதியில் நின்ற, சத்தம் பெருக்கும் கருவியை முடித்தேன். சனிக்கிழமை பகலிலேயே கோலியர்ஸ் வுட்டுக்குப் போய், பிளேயரில் அதையும் புதிய காந்தக் கார்ட்ரிட்ஜ் ஒன்றையும் பூட்டினேன். பாரத்தை மூன்று தடவை சரிபார்த்தேன். பிறகு கதிரையின் நுனியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"தட்டைப் பழுதாக்கினது நான்தான், அன்ரி. கூடாத ஊசியைப் போட்டிட்டன். அவர் பேசினதைக் கேட்டனான். கடைசியில உங்கட பேரைச் சொன்னவர்."

அன்ரி படத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"என்ர பேரையோ?"

"ஓம். பாலாம்பிகை எண்டு."

அவர் சிரித்தார். கண் சிரிக்கவில்லை. "அண்டைக்கு ஒண்டும் கேக்கேல்லை எண்டீர். இண்டைக்கு என்ர மனம் ஆறட்டும் எண்டு இப்பிடிச் சொல்லுறீர். வேண்டாம் தம்பி. ஆஸ்பத்திரியில கடைசி மூச்சு விடேக்கையும் 'இஞ்சாரும்' எண்டுதான் கூப்பிட்டவர்."

நான் தீப்பெட்டியைத் திறந்து அவர் காதருகே நீட்டினேன்.

"பாலாம்பிகை."

அறை முழுவதும் கேட்டது. படத்தின் கண்ணாடி அதிர்ந்ததுபோல் இருந்தது.

அன்ரி கவனமாகக் காது கொடுத்தார். பிறகு பெட்டிக்குள் பார்த்தார்.

"ஒண்டும் கேக்கேல்லையே."

மறுபடியும் அதே குரல், கொஞ்சம் அவசரமாக.

"தம்பி, நீர் வடிவா நித்திரை கொள்ளுறீரோ?" என் தலையைத் தடவினார். "தேஞ்ச தட்டுக்கு நீர் என்ன செய்வீர்?"

என் பொய்யை நம்பியவர் உண்மையை நம்பவில்லை. தீப்பெட்டியைப் படத்தின் காலடியில் வைத்துவிட்டு வந்தேன். அன்று என் அறை அமைதியாக இருந்தது. அந்த அமைதியிலும் எனக்கு ஆறுதல் வரவில்லை.

மூன்றாம் நாள் அன்ரி தொலைபேசியில் அழைத்தார்.

"தம்பி, நீர் பூட்டின புது ஊசியில கறுத்த நூல் ஒண்டு சுத்திக் கிடந்துது. துடைச்சுவிட்டன். விடியப் பாத்தா, திரும்பக் கிடக்கு."

"என்ன தட்டுப் போட்டனீங்கள்?"

"ஒண்டும் போடேல்லை. தூசு துடைக்கத்தான் மூடியைத் திறந்தனான். எங்கயிருந்து வருது அது?"

அவர் குரலுக்குப் பின்னால் கடல் இரைந்துகொண்டிருந்தது.

"பக்கத்தில ஆர், அன்ரி?"

"ஒருத்தரும் இல்லை. நான் தனியத்தான் இருக்கிறன். ஏன் கேக்கிறீர்?"

ஒரு மூச்சு. அந்தப் பெயர். பிறகு, பதிலுக்குக் காத்திருக்கும் அந்த இடைவெளி.

"ஹலோ? தம்பி, நிக்கிறீரே? இஞ்ச ஒரு சத்தமும் இல்லை," என்றார் அன்ரி.

மறுபடியும், இந்த முறை ரிசீவருக்கு மிக அருகில்:

"பாலாம்பிகை."