சைக்கிள், மிக்ஸி, சிவப்புச் சால்வை

வங்கி மேலாளர் உதட்டைப் பிதுக்கினார்.

"உங்க பேர்ல ஏற்கெனவே ரெண்டு கடன் ஓடுதும்மா. அதுக்கு மேல வீட்டுக் கடன் எப்படிக் குடுக்கறது?"

"நான் யார்கிட்டயும் கடனே வாங்கலையே சார்!" என்றாள் வீட்டுக் கடன் கேட்டு வந்திருந்த நர்ஸ்.

மேலாளர் திரையைத் திருப்பிக் காட்டினார். இரண்டும் போன வாரம் எடுத்த கடன்கள். அதே நாளில் அவளுடைய கிரெடிட் கார்டில் யாரோ விலையுயர்ந்த செல்போன் வேறு வாங்கியிருந்தார்கள்.

மறுநாள் பிற்பகல், சைபர் குற்றப் பிரிவு.

பெண் இன்ஸ்பெக்டருக்குக் கோப்புத் தூசி ஆகாது. அதனால் 'தும்மல் மேடம்' என்று பெயர். கைக்குட்டையும் கையுமாக அவர் எதிரே இருந்தவர்களைப் பார்த்தார். நர்ஸ், அவளுடைய அக்கா, அக்காவின் கணவர். சுவரோரம், பெரிய கடையொன்றின் காசாளர் பெண் அழுது வீங்கிய முகத்தோடு நின்றிருந்தாள். கடன் பணம் பல கணக்குகளுக்குக் கைமாறிக் கரைந்துவிட்டது. அந்த வழியில் இன்ஸ்பெக்டருக்கு எதுவும் சிக்கவில்லை.

"இவதான் மேடம்! கார்டைக் கையில வாங்கினவ இவதானே? நாலு அறை விட்டா உண்மை தானா வரும்," என்று குதித்தார் அக்காவின் கணவர்.

"அதை நான் பாத்துக்கறேன். உக்காருங்க."

"எனக்கு ஒண்ணும் தெரியாது மேடம். இந்தச் சந்தேகத்துலேயே கடையில இனி வராதேன்னுட்டாங்க," என்றாள் காசாளர்.

இன்ஸ்பெக்டர் நர்ஸின் பக்கம் திரும்பினார். "ஆண்டிறுதித் தள்ளுபடிக்குப் போனீங்க. அப்புறம்?"

"பையனுக்கு சைக்கிள், வீட்டுக்கு மிக்ஸி. கடையிலேயே வீட்டுக்கு அனுப்பிடறோம்னாங்க. மறுநாள் டியூட்டியில இருக்கறப்ப இந்தச் செய்தி வந்துச்சு. இதை இன்னும் வேற யார்கிட்டயும் காட்டல." செல்போனை நீட்டினாள்.

'உங்கள் சைக்கிள், மிக்ஸி, சிவப்புச் சால்வை அனுப்பத் தயார். சிறு கட்டணம் செலுத்தி முகவரியை உறுதி செய்யவும்.' கீழே ஓர் இணைப்பு.

இன்ஸ்பெக்டர் இரண்டு முறை படித்தார். போனை யாரிடமும் காட்டாமல் மேஜைமேல் கவிழ்த்து வைத்தார்.

"உடனே தட்டிட்டீங்களா?"

"குழந்தைங்க வார்டுல ஒரே அழுகை மேடம். சரியாக்கூடப் படிக்காம தட்டிட்டேன். கார்டு நம்பர் போட்டதும் ஓடிபி மூணு தடவ கேட்டுச்சு. தப்பா அடிச்சுட்டோம்னு நெனச்சு மூணு தடவையும் போட்டேன்."

"அந்த ஓடிபியோட எதுக்குன்னும் எழுதி வந்திருக்குமே?"

"நம்பரை மட்டும்தான் பாத்தேன்."

"முதல்ல வந்தது செல்போனுக்கு. மத்த ரெண்டும் கடனுக்கு. சரி, அந்தப் பக்கத்துல அடையாள அட்டை கேட்டாங்களா?"

"இல்ல."

"ஆனா கடன் குடுத்த இடத்துக்கு உங்க அட்டையோட நகல் போயிருக்கு."

இன்ஸ்பெக்டர் ஒரு தும்மல் போட்டுவிட்டு அக்காவின் கணவரைப் பார்த்தார். "அன்னிக்கு உங்க மச்சினி என்னென்ன வாங்கினாங்கன்னு தெரியுமா சார்?"

"தெரியாம என்ன? சைக்கிள், மிக்ஸி, சிவப்பா ஒரு சால்வை."

"சால்வையா? நான் சால்வை வாங்கலையே அத்தான்!" என்றாள் நர்ஸ். "தள்ளுவண்டியில வெச்சு போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். கண்ணைக் குத்துது, வேண்டாம்னு அக்கா உடனே போன் பண்ணினா. பில் போடறதுக்கு முன்னாடியே திரும்ப வெச்சுட்டேன்."

இன்ஸ்பெக்டர் அந்தச் செய்தியை அவளிடம் காட்டினார். இப்போதுதான் நர்ஸ் அதை முழுதாகப் படித்தாள்.

"காசாளருக்குத் தெரிஞ்சது பில். அதுல சால்வை இல்ல. பார்சல் கொண்டு வந்தவருக்குத் தெரிஞ்சது பெட்டி. அதுலயும் இல்ல. அது வேண்டாம்னு சொன்னதே உங்க அக்காதான். போட்டோவைப் பாத்து, போன்ல பேசினதைக் கேக்காத ஆள்தான் இதை எழுதியிருக்கணும். உங்க அட்டையோட நகல் யார்கிட்ட இருக்கு?"

நர்ஸ் அக்காவின் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். "குடும்பத்தோட ஊர் சுத்தப் போனப்போ டிக்கெட் எடுக்கறதுக்காக அத்தானுக்குத்தான் அனுப்பினேன்."

"என்ன மேடம் இது? அந்தச் செய்தியில இருந்ததைத்தான் சொன்னேன்!" என்று எழுந்தார் அக்காவின் கணவர்.

"அதை உங்ககிட்ட இதுவரைக்கும் யாரும் காட்டலையே."

"என் பொண்டாட்டி போன்ல போட்டோ பாத்தது ஒரு குத்தமா? அதை வெச்சு என்னைத் திருடன்னு சொல்லிடுவீங்களா?"

"அதை மட்டும் வெச்சு சொல்ல முடியாதுதான்," என்று இன்ஸ்பெக்டர் ஒப்புக்கொண்டார்.

அக்கா கைப்பையைத் திறந்தாள். புத்தம்புது செல்போன் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"ஆபீஸ்ல பரிசு குடுத்தாங்கன்னு எனக்குக் குடுத்தீங்களே, இதானே?"

பக்கத்து மேஜையிலிருந்த கான்ஸ்டபிள் அந்தப் போனின் அடையாள எண்ணை, கார்டில் வாங்கிய போனின் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தலையசைத்தார்.

"மோசடின்னு எழுதிக் குடுங்க, அந்தக் கடன்களை உங்க பேர்லேர்ந்து எடுத்துடுவாங்க," என்றார் இன்ஸ்பெக்டர் நர்ஸிடம். "உங்க பேர்ல புதுசா யாருக்கும் கடன் தரக்கூடாதுன்னு பூட்டும் போடச் சொல்லுங்க. வீடு கொஞ்சம் தள்ளிப் போகும், அவ்வளவுதான்."

நர்ஸ் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. அவள் அக்காவின் கையைப் பிடித்திருந்தாள். அக்காவோ சுவரோரம் நின்றவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முதல்ல அந்தப் பொண்ணை வீட்டுக்கு அனுப்புங்க மேடம்," என்றாள். "அவ கடைக்கும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க."