சூளைமேல் ஏறிய மோட்டார்

மத்தியானம் மூன்று மணிக்கே ஊர் இருட்டிக் கிடந்தது. 2005ஆம் வருஷத்து மழை அப்படி! விருத்தாசலத்தில் ஆற்றங்கரை ஓரமாக இருந்த பீங்கான் ஷெட்டில் கயல்விழி தனியாக உட்கார்ந்திருந்தாள்.

தனியாக என்றால் முழுக்கத் தனியாக இல்லை. பலகைகளில் முந்நூறு வெள்ளைப் பொம்மைகள் அவளைப் பார்த்தபடி நின்றன. பார்த்தபடி என்றும் சொல்ல முடியாது. ஒன்றுக்கும் கண் கிடையாது. கண் வரைவது கடைசி வேலை. அதற்குள் வெள்ளம் வந்து, வேலை செய்கிறவர்கள் எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

கயலுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அக்கரையில் இருக்கும் சித்தி ஊருக்கு அம்மாவும் கைக்குழந்தையான தம்பியும் போயிருந்தார்கள். மணிமுத்தாறு அந்த ஊரையே சூழ்ந்துவிட்டது. ஊர் ஜனம் மொத்தமும் பள்ளிக்கூட மொட்டை மாடியில் நிற்கிறதாம். தண்ணீர் படி ஏறி வருகிறதாம்.

கதவு தடாரென்று திறந்தது. மலை மாதிரி ஓர் ஆள், தோளில் ஒரு மோட்டாரோடு நின்றார்.

"பாப்பா, தெய்வநாயகம் பொண்ணு நீதானா? ஒங்கப்பா கரையில படகப் புடிச்சிக்கிட்டு நிக்கிறாரு. ஷெட்டுல வைஸ் இருக்குது, அங்க போங்கன்னாரு. எம்பேரு மாயவன். அக்கரை ஜனத்த ஏத்தியாறதுக்குப் பரங்கிப்பேட்டையிலேர்ந்து லாரில படகு கொண்டாந்தேன்."

"மோட்டாருக்கு என்னா ஆச்சு மாமா?"

"தண்ணிக்குள்ள மரம் கெடந்திருக்குது. அடிச்ச அடியில ஷாப்டு முறிஞ்சிபோச்சு."

மேலே இருக்கும் இன்ஜினின் சுழற்சியைத் தண்ணீருக்குள் இருக்கும் விசிறிக்குக் கொண்டுபோகும் நீளமான இரும்புத் தண்டுதான் அந்த ஷாப்டு. மாயவனிடம் புதுத் தண்டு ஒன்று இருந்தது. ஆனால் பழைய தண்டின் விரல் நீளத் துண்டு ஒன்று இன்ஜின் ஓட்டைக்குள் இறுகிக்கொண்டு நின்றது. அது வெளியே வந்தால்தான் புதியது உள்ளே போகும்.

மாயவன் பெட்ரோலை ஒரு சொட்டு விடாமல் வெளியிலேயே வடித்துவிட்டு வந்திருந்தார். மோட்டாரைப் பிரித்து, இன்ஜினை மட்டும் கவிழ்த்து, மேசையில் பூட்டியிருந்த வைஸின் இரும்புத் தாடைகளுக்கு நடுவே இறுக்கினார். குறட்டால் இழுத்தார். சுத்தியலால் தட்டினார். துண்டு அசையவே இல்லை.

"கரண்டு இருந்தா ஒரு கம்பிய வெல்டு வச்சி இழுத்துடலாம். இப்ப என்னா பண்றது?"

அப்போது, இருட்டுக்குள் எங்கோ ஒரு மணி அடித்தது.

டிங்.

மாயவன் அப்படியே நின்றுவிட்டார். இன்னொரு பக்கத்திலிருந்து மறுபடியும். டிங்... டிங்... ஷெட்டில் வேறு யாருமே இல்லை.

"பாப்பா... யாரு அது?"

"பயப்படாதீங்க மாமா. நேத்து சூளைய அணைச்சாங்க. உள்ள இருக்கற பொம்மைங்க ஆறுதுங்க. ஆறும்போது பளபளப்புப் பூச்சு இப்புடித்தான் சத்தம் போடும்."

"ஓஹோ" என்றார் மாயவன். ஆனாலும் பக்கத்தில் இருந்த நாலைந்து பொம்மைகளைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டுத்தான் சுத்தியலை எடுத்தார். நடுக்கடலில் புயலைப் பார்த்த மனுஷர்!

"அடிக்காதீங்க மாமா!" என்றாள் கயல். "அச்சுல பொம்ம மாட்டிக்கிட்டா எங்கம்மா இழுக்கவே மாட்டாங்க. வெதுவெதுப்பா ஒரு எடத்துல வச்சா, சுருங்கி அதுவே வுட்டுடும்பாங்க."

"இது இரும்பும்மா."

"இரும்பும் சூட்டுல விரியும், ஆறுனா சுருங்கும்னு ஸ்கூல்ல சொன்னாங்களே. வெளி இரும்ப சூடு பண்ணி, உள்ள இருக்கற துண்ட மட்டும் குளிர வைக்கலாம்ல?"

மாயவன் சூளையைத் திரும்பிப் பார்த்தார். வைஸிலிருந்து கழற்றி இன்ஜினைத் தூக்கினார்.

சூளையைத் திறக்கவில்லை. திறந்தால் உள்ளே இருக்கிற அத்தனையும் விரிசல் விட்டுவிடும். அதன் மேல்தளத்திலேயே கை வைக்க முடியாத சூடு இருந்தது. அங்கே ஓட்டை மேலே பார்க்க இன்ஜினை வைத்தார்கள். அரை மணி நேரம் காத்திருந்தார்கள். மழை தகரத்தில் கொட்டியது. தண்ணீர் இப்போது எத்தனை படி ஏறியிருக்கும் என்று கயல் எண்ணிக்கொண்டே இருந்தாள்.

மாயவன் கோணிச்சாக்கால் பிடித்து இன்ஜினைக் கீழே இறக்கியதும், கயல் தொட்டியில் இருந்து குளுகுளு பீங்கான் களிமண்ணை அள்ளி வந்தாள். குச்சியால் ஓட்டைக்குள் துண்டின்மேல் அழுத்தினாள்.

உஸ்ஸ்ஸ்...

யாரோ பெருமூச்சு விட்டது போல ஆவி வந்தது. மாயவன் இரண்டடி பின்னால் போனார். கயலும் குச்சியைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். இந்தச் சத்தத்தை அவள் இதுவரை கேட்டதே இல்லை.

இரண்டு பேரும் சாக்கோடு சேர்த்து இன்ஜினைத் திருப்பிப் பிடித்தார்கள். மரச்சுத்தியால் மெதுவாக ஒரு தட்டு. ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தட்டு. சூளைக்குள் இருந்த டிங் டிங் சத்தமும் சட்டென்று நின்றது. முந்நூறு பொம்மைகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டன என்றே கயலுக்குத் தோன்றியது.

டொக்.

களிமண் அப்பிய இரும்புத் துண்டு தரையில் விழுந்து உருண்டது.

"அடி என் தங்கமே!" என்று மாயவன் கத்திய கத்தலில் தகரமே அதிர்ந்தது.

ஓட்டையைத் துடைத்து, கிரீஸ் தடவி, புதுத் தண்டைப் பூட்டி அவர்கள் கரைக்கு ஓடினார்கள். மோட்டார் இரண்டு தடவை இருமிவிட்டு உயிர் பெற்றது. படகு பனிமூட்டம் போன்ற மழைக்குள் நுழைந்தது. சத்தம் தேய்ந்து தேய்ந்து இல்லாமலே போனது. கயல் அப்பாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தண்ணீரில் ஒரு நாற்காலி மிதந்து போனது, யாரோ அதில் உட்கார்ந்து போவது போல நிமிர்ந்து.

கடைசியில் மோட்டார் சத்தம் திரும்பி வந்தது. படகு நிறையக் குழந்தைகளும் கிழவர்களும். தம்பியை ஒரு தாத்தா மடியில் வைத்திருந்தார். அம்மாவைக் காணோம்.

"மொதல்ல புள்ளைங்கள ஏத்துங்கன்னு ஒங்கம்மா ஏறவே மாட்டேன்னுட்டாங்க" என்றார் மாயவன். "கொஞ்சம் பொறு. இதோ போயிட்டு வரேன்."

கயல் தம்பியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். படகு மறுபடி போனது, மறுபடி வந்தது. அம்மா இல்லை. மூன்றாவது நடையில், எல்லாருக்கும் கடைசியாக அம்மா இறங்கினாள்.

கயலைத் தலை முதல் கால் வரை பார்த்தாள். முகமெல்லாம் களிமண், சட்டையெல்லாம் கிரீஸ்.

"ஏண்டி, நான் ரெண்டு நாள் வூட்டுல இல்லன்னா இதா கோலம்? இந்தச் சட்டைய எப்புடிடி தொவைக்கறது?"

உலகத்திலேயே அவ்வளவு இனிமையான திட்டைக் கயல் கேட்டதே இல்லை.