பெரியப்பா கேட்ட பாட்டு

மங்கை அக்காவின் ரிசப்ஷனுக்குப் பாட்டு லிஸ்ட் தயார் செய்யும் வேலை சினேகாவிடம் வந்து சேர்ந்தது. ஆறாம் வகுப்புப் படிக்கிற தங்கையை நம்பி யாராவது இவ்வளவு பெரிய பொறுப்பைக் கொடுப்பார்களா? மங்கை அக்கா கொடுத்தாள்.

“நம்ம ஜனங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் போய் இன்னா பாட்டு வேணும்னு கேளு. எழுதி மைக்செட் அமான் அண்ணன்கிட்ட குடுத்துடு. யாரையும் வுட்டுடாத,” என்றாள்.

சினேகா நோட்டும் பேனாவுமாக வீடு வீடாக அலைந்தாள். மொத்தம் நாற்பது பாட்டு சேர்ந்தது. அதில் பாதி குத்துப் பாட்டு.

அங்கேதான் வந்தது வினை. அவளுடைய வகுப்புத் தோழி ஹெப்சிபாவும் ரிசப்ஷனுக்கு வருவதாக இருந்தாள். போன வாரம் ஒருநாள் அவள், “உங்க பக்கத்துக் கல்யாணம்னா ஒரே டமால் டுமீல்தானாமே?” என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். சினேகாவுக்கோ முகம் சுண்டிப் போனது.

“எங்க அக்கா ரிசப்ஷன்ல அதெல்லாம் கிடையாது. எல்லாமே மெலடிதான்,” என்று சொல்லிவிட்டாள்.

சொன்ன பிறகு வேறு வழி? அன்று சாயங்காலமே உட்கார்ந்து குத்துப் பாட்டுகளை ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடித்தாள். ஜெகதீசன் பெரியப்பாவின் பாட்டு வந்தபோதுதான் பேனா கொஞ்சம் தயங்கியது.

பெரியப்பா மீன்பிடிப் படகில் டிரைவர். முப்பது வருஷமாக எஞ்சினுக்குப் பக்கத்திலேயே நின்று நின்று அவருக்குக் காது போய்விட்டது; கத்திச் சொன்னால்தான் கொஞ்சம் கேட்கும். ‘காது கேட்காதவருக்கு எந்தப் பாட்டு ஓடினால் என்ன?’ என்று சினேகா நினைத்தாள். அவருடைய பாட்டையும் அடித்துவிட்டாள்.

ரிசப்ஷன் அன்று திருவொற்றியூர் மண்டபத்தில் மெலடி மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. ஹெப்சிபா பஜ்ஜியைக் கடித்தபடி, “பாட்டெல்லாம் சூப்பர்,” என்றாள். சினேகாவுக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போதுதான் பெரியப்பாவைப் பார்த்தாள். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில், ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வலது கையைப் பெட்டியின் மேல் பதித்து வைத்திருந்தார். பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தபோதும் கை அங்கேயேதான் இருந்தது.

அவளைப் பார்த்ததும் கூப்பிட்டார்.

“கண்ணு, பொட்டிய இன்னும் ஆன் பண்லியா?”

சினேகாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பாட்டு ஓடுகிறது என்று கையால் சைகை காட்டினாள்.

“ஓடுதா? கையில ஒண்ணுமே தெர்லியே,” என்றார். “டிரம்மு அடிச்சா கையில வந்துடும். அப்டியே நெஞ்சு வரைக்கும் ஏறும். மெதுவான பாட்டு எனக்கு வராது. அதுக்குத்தான் உன்கிட்ட அந்தப் பாட்டச் சொன்னேன். எட்டு மணிக்கு நான் கெளம்பணும்மா. போட்டுல ஐஸ் ஏத்திகினு கீறானுங்க. போனா பத்து நாளு கடல்லதான். எட்டுக்குள்ள பாட்டப் போட்டுடுவாங்கல்ல?”

 கேட்காதவருக்கு எதுவாக இருந்தால் என்ன என்று நினைத்தாளே, அந்த நினைப்பை நினைத்தே சினேகாவுக்கு உடம்பு கூசியது. சுவரில் மணி ஏழே முக்கால்.

யாருக்கும் தெரியாமல் அமான் அண்ணன் காதில் சொல்லிவிடலாம் என்று திரும்பினாள். அதற்குள் பெரியப்பா எழுந்து அமானிடம் போய்விட்டார்.

“இன்னாப்பா அமான், நான் சொன்ன பாட்டு எங்க? மறந்துட்டியா? வேலைல கவனம் வாணாமா?”

“லிஸ்ட்டுல அடிச்சி வெச்சிகீது நைனா,” என்று அமான் கையை விரித்தார். பெரியப்பாவுக்கு அது கேட்கவில்லை. இன்னும் சத்தமாகக் கோபித்துக்கொண்டார்.

செய்தது ஒருத்தி, திட்டு வாங்குவது இன்னொருவரா? சினேகா ஓடிப்போய் நடுவில் நின்றாள்.

“அண்ணன் மேல தப்பு இல்ல பெரிப்பா,” என்று முணுமுணுத்தாள்.

“இன்னா?”

“நான்தான் பாட்ட எடுத்தேன்.”

“இன்னாம்மா சொல்ற? கொஞ்சம் ஒரக்கச் சொல்லு.”

சினேகா கண்ணை மூடிக்கொண்டு கத்தினாள். “நான்தான் உங்க பாட்ட லிஸ்ட்லருந்து எடுத்துட்டேன்! என் ஃபிரண்டு கேவலமா நெனப்பாளோன்னு எடுத்துட்டேன்!”

சரியாக அந்த நேரம் பார்த்து ஓடிக்கொண்டிருந்த பாட்டு முடிந்திருந்தது. மண்டபம் முழுக்கக் கேட்டது. மேடையில் மங்கை அக்கா திரும்பிப் பார்த்தாள். ஹெப்சிபா பாதி பஜ்ஜியோடு அப்படியே நின்றாள். சினேகாவுக்குப் பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது.

பெரியப்பா அவள் பக்கம் குனிந்தார்.

“அவ்ளோ கேவலமான பாட்டாம்மா அது?” என்று மெதுவாகக் கேட்டார்.

சினேகாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ‘இல்லை’ என்று வேகமாகத் தலையை ஆட்டினாள். தன் நெஞ்சில் கையை வைத்து, “பாட்டு நல்ல பாட்டு. நான் செஞ்சதுதான் கேவலம்,” என்றாள். பெரியப்பாவுக்கு எவ்வளவு கேட்டதோ, அவள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். அவள் தலையில் கையை வைத்து ஒரு ஆட்டு ஆட்டினார்.

சினேகா கண்ணைத் துடைத்துக்கொண்டு அமானிடம் திரும்பினாள். “பெரிப்பா பாட்டப் போடுங்கண்ணே. சவுண்டு நல்லா வைங்க. அப்புறம் நான் அடிச்சு வெச்சதெல்லாம் வரிசையாப் போடுங்க.”

டிரம்ஸ் இறங்கியது. தண்ணீர் டம்ளர்கள் எல்லாம் ஆடின. பெட்டியின் மேல் இரண்டு கையையும் பதித்த பெரியப்பாவின் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. தலை தானாக ஆட ஆரம்பித்தது. தாளம் ஒன்றுகூடத் தப்பவில்லை.

பக்கத்தில் யாரோ வந்து நின்றார்கள். ஹெப்சிபா. சினேகா அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஹெப்சிபா எண்ணெய்க் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு, ஒரு விரலை மட்டும் பெட்டியின் மேல் வைத்துப் பார்த்தாள்.

“ஏய், பல்லு வரைக்கும் வருதுடி,” என்று சொல்லிவிட்டு முழுக் கையையும் வைத்தாள். சினேகாவும் வைத்தாள்.

மணி எட்டு அடித்துப் பத்து நிமிஷம் ஆனது. பெரியப்பாவின் சட்டைப் பையில் போன் மின்னி மின்னி அணைந்தது. சினேகா தொட்டுக் காட்டினாள். படகிலிருந்து மெசேஜ். ‘சீக்கிரம் வாங்க, ஐஸ் கரையுது.’

பெரியப்பா அதைப் படித்துவிட்டுப் போனைப் பைக்குள் போட்டார்.

“கரையட்டும்,” என்றார். “இன்னொரு வாட்டி போடச் சொல்லு கண்ணு.”