காட்டுக்கு ஒரு நாற்காலி

அன்று முதலில் பேசியது சடையம்மாவா, தீர்த்தனா என்று என்னால் இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கோபத்தில் நடந்தவை என் நினைவில் வரிசையாக நிற்பதில்லை. ஆனால் கான்குரல் சொன்னதில் ஒரு சொல்கூட மறக்கவில்லை.

வனக்குழுக் கூட்டம் ஊர்ச் சமுதாயக் கூடத்தில் நடந்தது. ஊர்க்காரர்களான எங்களுக்கு ஏழு நாற்காலிகள், வனத்துறைக்கு ஒன்று, காட்டுக்கு ஒன்று. காட்டின் நாற்காலியில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி இருந்தது. அதுதான் கான்குரல். மலை முழுக்கப் புதைத்திருந்த வேருணரிக் கருவிகள் மண்ணின் ஈரத்தையும், வேர்களின் வளர்ச்சியையும், கால்தடங்களையும் ஓயாமல் அதற்குச் சொல்லிக்கொண்டிருந்தன. புதிய சட்டப்படி, அது ஒப்புக்கொள்ளாமல் காட்டில் ஒரு கிளையைக்கூட வெட்ட முடியாது.

சடையம்மா மகளிர் குழுத் தலைவி. மேல்மலைத் துடைப்பப்புல்லை அறுத்து, கட்டி, சந்தையில் விற்றுத்தான் எங்கள் ஊர்ப் பெண்கள் அடுப்பு மூட்டினார்கள். இந்த வருஷமும் அறுக்க விடாவிட்டால் குடும்பம் குடும்பமாகக் கீழே செங்கல் சூளைக்குப் போகவேண்டியதுதான்.

"மேல்மலைப் புல் காட்டெருமைகளுக்கு உரியது. மனிதர்கள் அறுக்க ஒப்புதல் இல்லை," என்றது கான்குரல்.

"எருமை யாரைக் கேட்டு மேயுது?" என்றாள் சடையம்மா. "அதுக்கு யாரு பட்டா குடுத்தது?"

"பொட்டிகிட்டப் போயி மல்லுக்கட்றியேக்கா," என்றான் அவள் தம்பி தீர்த்தன். வனக்குழுவின் செயலாளர் அவன்தான். "ரேஞ்சர் சாரைக் கேளு."

ரேஞ்சர் இளமாறன் கையை விரித்தார். "நான் என்னம்மா செய்ய? காடே வேணாங்குது."

"காடா? இது உங்க ஆபீசு வாங்கியாந்த டப்பா." அவள் எழுந்து பெட்டிக்கு நேராக நின்றாள். "இந்தா, கேட்டுக்க. எங்க பாட்டன் பூட்டன் எல்லாம் இந்த மண்ணுலதான் கெடக்கான். நாங்க அறுக்கறதாலதான் அந்தப் புல்லே தழையுது. எருமை, கரடி மாதிரி நாங்களும் இந்தக் காட்டு உசுருதான். இல்லைன்னா உன் வேரைக் கேட்டுச் சொல்லு!"

  வெளியே மரங்கொத்தி ஒன்று தட்டிக்கொண்டிருந்தது. 

"சரிபார்த்தேன்," என்றது பெட்டி. "அறுத்த இடங்களில் வேர்கள் அடர்த்தியாக இருக்கின்றன. மண்ணில் உங்கள் முன்னோரின் எலும்பு இருக்கிறது. நீங்கள் இந்தக் காட்டின் உயிர்கள். வேண்டிய மட்டும் அறுக்கலாம்."

பெண்கள் குலவையிட்டார்கள். அறுப்பு முடிந்ததும் கட்டுகளை வேனில் ஏற்றிக்கொண்டு தீர்த்தன் கீழே புறப்பட்டான். மலையடிவாரத்தில், விலங்குகள் சாலைக்கு வராமல் சத்தத்தால் திருப்பும் கான்குரலின் ஒலிவேலி, முதன்முறையாக மனிதன் என்று பாராமல் அவன் மண்டைக்குள் குடைந்தது. வாந்தி எடுத்துத் திரும்பி வந்தான்.

எல்லோரும் கூடத்துக்கு ஓடினோம். ஊரின் ஏழு நாற்காலிகளும் அங்கே இல்லை.

"எங்க நாற்காலி எங்கடா?" என்று கத்தினாள் சடையம்மா.

"காட்டு உயிர்கள் குழுவில் உட்காருவதில்லை, காட்டை விட்டு வெளியே விற்பதும் இல்லை," என்றது கான்குரல். "எருமைகளுக்காக நான்தான் பேசுகிறேன். இனி உங்களுக்காகவும் நானே பேசுவேன்."

"எங்களுக்குப் பேச நீ யாருடா?"

"காடு."

இளமாறன் தன் நாற்காலியிலிருந்து எழுந்தார். "ஒரு வழி இருக்கு. 'நான் இந்தக் காட்டைச் சேர்ந்தவன் இல்லை'ன்னு அதுகிட்ட வாயால சொல்லிடுங்க. வேலி விட்டுடும்."

"சொன்னா புல்லு?"

"வெளியாளுக்கு ஏதும்மா புல்லு?"

 தீர்த்தன் பெட்டியை நோக்கி நடந்தான். சடையம்மா குறுக்கே வந்து நின்றாள்.

"சொல்லாதடா. சொன்னா நம்ம ஆளுங்க பொதைச்ச எடமும் நமக்கு இல்ல."

"புள்ளைங்க பசிக்கு உன் ரோஷத்தையாக்கா ஆக்கிப் போடச் சொல்ற?" என்றான். பிறகு சொன்னான். ஒவ்வொருவராக நாங்களும் சொன்னோம்.

இளமாறன் பதவி உயர்வு பெற்று நகரத்துக்குப் போனார். மற்ற மலைகளிலும் கான்குரலை வைப்பது இப்போது அவர் பொறுப்பு. தீர்த்தனும் நானும் மற்ற குடும்பங்களும் செங்கல் சூளையில் இருக்கிறோம். எங்கள் வீடுகளை உண்ணிச்செடி மூடிவிட்டது. சடையம்மா மட்டும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. மலையிலேயே இருக்கிறாள். கான்குரல் அவளை அழிந்துவரும் உயிரினமாகப் பதிந்து, காவலுக்கு ஆள் போட்டிருக்கிறது. மேல்மலைப் புல் முழுவதையும் அறுக்க அவளுக்கு உரிமை உண்டு.